பன்னிரண்டாவது ஃபியூஸ்

அத்தியாயம் 6

"டிக்" என்று ஒரு சத்தம். பதினோராவது ஃபியூஸும் போய்ச் சேர்ந்தது.

பகல் பதினொரு மணி. ஒன்பதாங் கட்டைத் தேயிலைத் தோட்டத்தின் பழைய ஆபிஸில் நாங்கள் நாலு பேரும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் போல நின்றோம். திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

"பாவம், நல்ல மனுஷன்" என்றேன் நான். "எப்ப எடுக்குறாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. கத்தரீன் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கத்தரீனுக்கு நாற்பது வயது. இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ள அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 1985 நவம்பரில், மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்த வாரத்தில் பிறந்தாள். பிறப்புச் சான்றான சூராட் எடுக்க யாரும் டவுனுக்கு இறங்க முடியவில்லை. ரோடு திறந்த பிறகு யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. அண்ணன் ஆர்தருக்கு நீல ஐசி, குடிமகனுக்கான அடையாள அட்டை. இவளுக்குச் சிவப்பு. அதாவது இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை. மூன்று முறை மனுப் போட்டாள், மூன்றும் திரும்பி வந்தன. நாளைக் காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. 'குடிமகனான தகப்பனுக்கு இந்தத் தோட்டத்தில் பிறந்ததாக அந்தக் காலத்துப் பதிவு ஏதாவது இருந்தால் கொண்டு வரவும். மூலப் பதிவை எங்கள் அதிகாரி நேரில் வந்து சரிபார்ப்பார்' என்று கடிதம் சொன்னது.

அந்தக் காலத்துப் பதிவு இருக்கத்தான் செய்தது. தோட்டத்துப் பிறப்பு, இறப்பு, செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் பெயர் எல்லாவற்றையும் அப்போது புதிதாக வாங்கிய இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். காகிதப் பதிவேடுகளைக் கறையான் தின்று தீர்த்துவிட்டது. மிச்சம், ரொட்டி சானாய் பரோட்டா அளவில் ஒரே ஒரு ஃப்ளாப்பி. இந்த மிஷினைத் தவிர வேறு எதிலும் அது ஓடாது என்று கோலாலம்பூரில் மூன்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மிஷினோ, ஸ்விட்சைப் போட்ட மாத்திரத்தில் ஃபியூஸை அடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. இருபத்தாறு வருஷமாக இதே கதை.

"அக்கா, எங்கப்பா லயத்துல ஃபியூஸ் போனா சிகரெட் தாளைச் சுருட்டி வச்சிடுவாரு. ஜம்முனு எரியும்" என்றேன்.

"லயமா, லைட்டா?" என்று கேட்டார் மஜீதா அக்கா.

"முதல்ல லைட்டு. அப்புறம் ஒரு தடவ லயம்."

மஜீதா அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பணத்துக்காகத் தாங்களே தீ வைத்தவர்களைப் பிடித்தவர். சாம்பலைப் பார்த்தே, கடை முதலாளி அன்றைக்கு எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று சொல்லிவிடுவார். இப்போது பிரிஞ்சாங்கில் அவர் குடும்பத்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு மேஜை போட்டுத் துப்பறிகிறார். கறிக்குழம்பு வாசனை வருகிற துப்பறியும் அலுவலகம் பகாங் மாநிலத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். நான் நிக்கலஸ். உதவியாளன், டிரைவர், வாய்க்கொழுப்பு எல்லாம் ஒரே ஆள்தான்.

நாலாவது ஆள் குகனேஸ்வரன். எழுபத்தெட்டு வயது. முன்னாள் தலைமைக் கிராணி, அதாவது தோட்டத்து ஆபிஸ் கணக்குப்பிள்ளை. இந்த மிஷினை முதலில் ஓட்டியவரும் அவர்தான். ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆன பிறகும் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பழைய ஆபிஸை டூரிஸ்டுகளுக்குத் திறந்து காட்டும் வேலையை இப்போதைய துரை, அதாவது மேனேஜர், அரிஃபின் அவருக்கே கொடுத்திருந்தார்.

கிராணியய்யா கையை நீட்டினார். நான் எரிந்த ஃபியூஸைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் கழுத்தில் ஒரு சின்ன அட்டைத் துண்டை நூலால் கட்டினார். தேதி எழுதினார். 'காரணம்: கெட்டது' என்று எழுதினார். வாங்கியவர் கையெழுத்து என்று என்னிடம் நீட்டினார். ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து அதற்குள் போட்டார்.

"இது எதுக்கு ஐயா?"

"பழசைக் குடுத்தாத்தான் புதுசு. தோட்டத்து ஸ்டோர் சட்டம்" என்றார். "கவாத்துக் கத்தி, பல்பு, விளக்குமாறு எதுவானாலும் சரி. பழசு உள்ள வராம புதுசு வெளிய போகாது. நான் சேர்ந்த நாள்ல இருந்து ஒரு தடவகூட மீறினதில்ல."

"நல்லவேளை, நீங்க கல்யாண புரோக்கர் ஆகல."

மஜீதா அக்கா என்னை முறைத்துவிட்டு டின்னை வாங்கினார். எரிந்த ஃபியூஸ்களை மேஜையில் வரிசையாக அடுக்கினார். முதல் அட்டை 1999. கடைசி அட்டை இன்று. நடுவில் காலேஜ் மாணவர்கள், ஒரு பத்திரிகைக்காரர், ஆர்தர் ஒரு முறை, கத்தரீனே மூன்று முறை. யார் யாரோ இந்த மிஷினை எழுப்பப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கிராணியய்யா முகம் சுளிக்காமல் ஃபியூஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அக்கா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கண்ணாடிக் குழாய்களின் உலோக மூடியில் பொடி எழுத்து இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தார்.

"பதினொண்ணும் ஒரே சாமான். எஃப், ஐந்நூறு மில்லி ஆம்ப். அதாவது அரை ஆம்ப்" என்றார். "கிராணியய்யா, இந்த மிஷினுக்கு இதுதான்னு எப்படித் தெரியும்?"

"முதல்ல இருந்ததைப் பார்த்துத்தான் போடுறம்."

"அந்த முதல் ஃபியூஸ் எங்க?"

கிராணியய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எங்கயோ தவறிப் போச்சு."

அக்கா டின்னை மெல்ல மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்திருந்தால் நான் ஏன் உதவியாளனாக இருக்கிறேன்?

"நிக்கலஸ், பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிட்டியா? இங்க வா. இது என்ன?"

திறந்து கிடந்த மிஷினுக்குள், பச்சைச் சர்க்யூட் அட்டையில் ஃபியூஸ் உட்காரும் கிளிப்புக்குப் பக்கத்தில், மஞ்சளாகிப் போன ஒரு ஸ்டிக்கர் இருந்தது. தோட்டத்து முத்திரை. 'சொத்து எண் 44.'

"நம்பர் ஸ்டிக்கர். இந்த ஆபிஸ்ல நாற்காலிக்குக்கூட இருக்கு."

"நாற்காலிக்கு எங்க ஒட்டியிருக்கு?"

"முதுகுல."

"மிஷினுக்கும் வெளிய முதுகுல ஒண்ணு இருக்கு, அதே நாற்பத்து நாலு. அப்போ உள்ள எதுக்கு இன்னொண்ணு? வீட்டு நம்பரை யாராச்சும் அரிசிப் பானைக்குள்ள ஒட்டுவாங்களா?"

கத்தரீன் எல்லாருக்கும் தே ஓ, பால் விடாத டீ, கலக்கி வைத்திருந்தாள். அக்கா ஸ்க்ரூக்களைக் கழற்றி அந்த அட்டையை மட்டும் வெளியே எடுத்து, தன் கோப்பையின் ஆவியில் ஸ்டிக்கரைக் காட்டினார். தேயிலைத் தோட்டத்தில் துப்பறிவதில் இது ஒரு வசதி, தடயவியல் கருவியைக் குடித்துவிடலாம். இரண்டு நிமிஷத்தில் ஓரம் எழும்பியது. அக்கா நகத்தால் உரித்தார். அடியில், மிஷினைச் செய்தவர்கள் அச்சடித்த வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்தது.

'T 2A 250V.'

"ரெண்டு ஆம்ப்!" என்றாள் கத்தரீன். "அப்போ மிஷின் சாகலயா அக்கா?"

"மிஷின் ரொம்பப் பழசு பிள்ளை" என்றார் கிராணியய்யா அவசரமாக. "பெருசு போட்டா உள்ளுக்குள்ள எரிஞ்சிடும். அப்புறம் இருக்கறதும் போயிடும்."

கத்தரீன் தே ஓ கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் இங்கதான் பொறந்தேன் ஐயா. ஒவ்வொரு தேர்தலுக்கும் வரிசையில நிக்கிறவங்களுக்கு நான்தான் தே ஓ ஊத்திக் குடுக்குறேன். ஒரு தடவையாவது நான் நிக்கணும். எனக்கு நாளைக்குப் பத்து மணி வரைக்கும்தான் டைம்."

நான் ஜோக் ஒன்றும் சொல்லாமல் வேன் சாவியை எடுத்தேன்.

-

கம்போங் ராஜாவுக்கு வேனை விட்டேன். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் லோரி ஒன்று ரோட்டின் குறுக்கே நின்று, போவதா வருவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இருபது நிமிஷம் நின்றோம்.

"அக்கா, எனக்குத் தெரிஞ்சிடுச்சு. துரை அரிஃபின்தான்" என்றேன். "அதிகாரிங்க வந்து பழைய பதிவு எல்லாம் தோண்டுனா கம்பெனிக்குத் தலைவலி. அதான் ஸ்டிக்கர் ஒட்டி மறச்சிட்டான்."

"அரிஃபின் இங்க வந்து எத்தன வருஷம்?"

"மூணு."

"முதல் ஃபியூஸ் எரிஞ்சது 1999. அப்ப அவரு ஸ்கூல்ல பல்லு விழுந்து நின்னிருப்பாரு."

"அப்போ கறையான்."

"கறையானுக்கு ஸ்டிக்கர் ஒட்டத் தெரியாதுலா."

ஜலாலின் எலக்ட்ரிக் சாமான் கடை கோழிக்கூண்டு அளவுதான். ஆனால் உலகத்தில் உற்பத்தி நின்றுபோன எல்லாம் அங்கே கிடைக்கும். ஜலால் அக்காவுக்குச் சித்தப்பா மகன்.

"வாங்க ராத்தா. என்ன வேணும்?"

"டி ரெண்டு ஆம்ப், கண்ணாடி ஃபியூஸ், அஞ்சு. இவனுக்கு டி-ன்னா என்ன, எஃப்-னா என்னன்னு சொல்லு. நான் சொன்னா இவன் கேக்க மாட்டான்."

ஜலால் இரண்டு ஃபியூஸை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். பார்க்க இரட்டைப் பிள்ளைகள்.

"எஃப்னா அவசரக்காரன். கொஞ்சம் கூட கரண்ட் வந்தாலும் டப்புனு அறுந்துடுவான். டி-ன்னா பொறுமைசாலி. பழைய கம்ப்யூட்டர், பெரிய ரேடியோ எல்லாம் ஸ்விட்ச் போட்ட உடனே ஒரு வாய் கரண்டை மொத்தமா இழுக்கும். அந்த ஒரு நொடி தாங்கணும். அதுக்குத்தான் டி. நம்பரும் சரியா இருக்கணும், எழுத்தும் சரியா இருக்கணும். சின்ன நம்பர்ல எஃப்பை போட்டா என்னிக்கும் எழும்பாது. பெருசாப் போட்டா அன்னிக்கு ஓடும், என்னிக்காவது உள்ள கோளாறு வந்தா ஃபியூஸ் பிழைச்சுக்கும், போர்டு எரிஞ்சுடும்."

அக்கா, கிராணியய்யாவிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்த ஓர் எரிந்த ஃபியூஸை நீட்டினார். ஜலால் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தான்.

"உள்ள ஷார்ட்டா இருந்தா கண்ணாடி கறுத்துப் போயிருக்கும். இது சுத்தமா இருக்கு. கம்பி நடுவுல மட்டும் அறுந்திருக்கு. உங்க மிஷின் ஆரோக்கியமாத்தான் இருக்கு ராத்தா." அப்புறம் மூடியைப் படித்துவிட்டு நிமிர்ந்தான். "எஃப் அரை ஆம்பா? இது இந்த மலையில ஒரே ஆளுக்குத்தான் நான் விக்கிறேன். அவருக்குன்னே டப்பாவோட வரவழைப்பேன். அவரு..."

"பேரைச் சொல்லாத" என்றார் அக்கா. "எனக்குத் தெரியும். இவனுக்குத் தெரிஞ்சா மூஞ்சியில நோட்டீஸ் ஒட்டிருவான்."

திரும்பி வரும் வழியெல்லாம் கெஞ்சினேன். வழக்கமாக ஆள் அகப்பட்டால் அக்காவுக்கு முகத்தில் ஒரு களை வரும். அன்றைக்கு வரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"திருடன்னா எனக்குப் பயமில்ல நிக்கலஸ். இந்த ஆளு திருடனா இருந்தா நல்லா இருக்கும்."

-

மணி இரண்டரை. சர்க்யூட் அட்டையைப் பழையபடி பொருத்தி, பன்னிரண்டாவது ஃபியூஸைக் கிளிப்பில் உட்கார வைத்தேன். பிளக்கைச் செருகினேன். ஸ்விட்சில் விரலை வைக்கப் போனபோது என் கைக்கு மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. சில்லென்றிருந்தது.

"வேண்டாம்" என்றார் கிராணியய்யா.

"மிஷின் எரியாது ஐயா. ஜலால் சொல்லிட்டான்."

"எரியாதுன்னு எனக்கும் தெரியும்."

கத்தரீன் அவரையே பார்த்தாள். மஜீதா அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு கிராணியய்யாவை உட்கார வைத்தார். குற்றவாளியை யாரும் அப்படி மரியாதையாக உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

"ஐயா, தெரியாத ஆளு ஃபியூஸ் போட்டா ஒரு தடவ சின்னதாப் போடுவான், ஒரு தடவ பெருசாப் போடுவான். பதினோரு தடவையில ஒரு தடவையாவது குருட்டாம்போக்குல சரியா விழும். உங்களுக்கு விழவே இல்ல. பதினோரு தடவ ஒரே மாதிரித் தப்பாப் போடணும்னா, எது சரின்னு தெரிஞ்சிருக்கணும்."

கிராணியய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

"பதினோரு பழைய ஃபியூஸைக் கட்டி வச்சிருக்கிற ஆளு, முதல் ஃபியூஸை மட்டும் தொலைச்சிட்டேன்னு சொன்னீங்க. அது தொலையல. அது எரியவே இல்ல. நல்லா இருந்ததை நீங்களே கழட்டிட்டீங்க. அதோட மூடியில நம்பர் இருக்கு, அதனால டின்னுக்குள்ள போட முடியல."

"நீங்களா?" என்றாள் கத்தரீன். "மூணு தடவ உங்க கையாலதானே வாங்கினேன்? நான் அழுததைப் பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

எழுபத்தெட்டு வயசுக்காரரை என்ன செய்வது? மேஜையை ஒரு குத்துக் குத்தினேன். கைதான் வலித்தது.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றார் அக்கா. "பெரிய ஃபியூஸ் போட்டு, எங்கயாவது ஒரு கம்பியை உரசி விட்டிருந்தா, இந்த மிஷின் ஒரே நாள்ல கரியாயிருக்கும். நீங்க சின்னதாவே போட்டீங்க. தூங்க வச்சீங்க, கொல்லல. ஃப்ளாப்பியை வேற ஈரம் படாம அடுப்புக்கரி போட்டு மூடி வச்சிருக்கீங்க. அதைக் கிழிச்சுப் போட ஒரு நிமிஷம் ஆகாது. ஏன் கிழிக்கல?"

"நான் கிராணி, அம்மா" என்றார் அவர். "பதிவை அழிக்க எனக்குக் கை வராது. அதுல பொய் எழுதவும் வராது. ஆனா படிக்க முடியாமப் பண்ணலாம். அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சுது." பிறகு கத்தரீனைப் பார்த்தார். "பிள்ளை, நான் சொல்றதைக் கேளு. திறக்காத."

கத்தரீன் ஸ்விட்சை அழுத்தினாள்.

இந்த முறை 'டிக்' இல்லை. உள்ளே ஒரு விசிறி முனகியது. மெல்ல மெல்ல, திரையின் மூலையில் ஒரு பச்சைச் சதுரம் கண் சிமிட்டியது. நான் கத்திவிட்டேன். ஆபரேஷன் சக்ஸஸ், நோயாளி கண் விழித்துவிட்டார் என்று என்னவெல்லாமோ உளறினேன். கத்தரீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீங்களே திறங்க" என்றாள் கிராணியய்யாவிடம். "உங்களுக்குத்தானே தெரியும்."

அவர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். ஃப்ளாப்பியைச் செருகினார். விரல்கள் மறக்கவில்லை. செக்ரோல் எண் 217 என்று தட்டினார். திரையில் ஆங்கிலத்தில் வரி வரியாக ஏறியது. கத்தரீன் விரல் வைத்துப் படித்தாள்.

'217. தங்கையா. குடிமகன்.'

"எங்கப்பா!" என்றாள்.

அடுத்த வரியில் அவள் விரல் நின்றது.

'1971 மார்ச் 14, மண்சரிவில் இறந்தார். உடல் கிடைக்கவில்லை. குடும்பம் இல்லை.'

அதற்கும் அடுத்த வரி: '1971 மார்ச் 20 முதல் 217ஆம் எண்ணிலும் பெயரிலும் வேலை செய்பவர்: ஏசுதியான். பேப்பர் இல்லை.'

அதற்கும் கீழே, ஆர்தர் பிறந்த வரிக்குப் பிறகு: '1985 நவம்பர் 9. பெண் குழந்தை, கத்தரீன். தகப்பன்: ஏசுதியான் (217).'

கத்தரீன் விரலைத் திரையிலிருந்து எடுத்தாள்.

"ஏசுதியான் யாரு?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், குரல் அப்படித்தான் இருந்தது.

கிராணியய்யா திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த வருஷம் பேப்பர் இல்லாத ஆளையெல்லாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. உங்கப்பாவுக்கு அங்க யாரும் இல்ல, ஊரு பேருகூடத் தெரியாது, மூணு வயசுல இங்க வந்த ஆளு. அதே வாரம் தங்கையா மண்ணுக்குள்ள போயிட்டான். எல்லாரோட ஐசியும் பத்திரத்துக்காக ஆபிஸ்லதான் இருக்கும், தோட்டத்து வழக்கம் அது. தங்கையா ஐசி என் டிராயர்ல கிடந்துச்சு. பழைய படம். ரெண்டு பேரும் ஒல்லி. கங்காணி என்னைப் பார்த்தாரு, நான் அவரைப் பார்த்தேன். எடுத்துக் குடுத்துட்டேன். அப்ப எனக்கு இருபத்து நாலு வயசு."

"அப்புறம் ஏன் இதை எழுதி வச்சீங்க?" என்று கத்தினேன் நான்.

"பழைய பதிவேட்டு ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருந்தேன். மிஷின்ல ஏத்தும்போது அதையும் ஏத்திட்டேன். செத்துப் பதினாலு வருஷம் ஆன ஆளுக்குப் பிள்ளை பொறந்துச்சுன்னு எப்படி எழுதுவேன்? அந்தக் காலத்துல இதை என்னைத் தவிர யாரும் திறக்கப் போறதில்லன்னு நினைச்சேன்."

நான் திரையின் மேல் பாதியைக் கையால் மறைத்தேன். "அக்கா, இந்த ஒரு வரி மட்டும் போதும். கத்தரீன், நவம்பர் ஒன்பது. மேலயும் பின்னாலயும் மறச்சு ஒரு போட்டோ எடுத்துக்குவோம்."

"மூலப் பதிவை நேர்ல வந்து பார்ப்பேன்னு எழுதியிருக்காங்க நிக்கலஸ்" என்றார் மஜீதா அக்கா. "அப்படியே பார்ப்பாங்க."

"பார்த்தா?"

கத்தரீன்தான் பதில் சொன்னாள்.

"பார்த்தா அப்பா தங்கையா இல்ல. அப்பா குடிமகன் இல்லன்னா ஆர்தர் அண்ணனோட நீல ஐசியும் பொய். அண்ணன் பிள்ளைங்க ரெண்டும்..." அவள் முடிக்கவில்லை.

எத்தனையோ கேஸ் பார்த்திருக்கிறோம். யார் கையிலாவது விலங்கு மாட்டுவார்கள், யாராவது நன்றி சொல்வார்கள், நாங்கள் கீழே போய் மீன் தலைக் கறி சாப்பிடுவோம். இங்கே யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஐசியைக் கொடுத்தவர் மேலா, வாங்கியவர் மேலா, மண்ணுக்குள் போனவர் மேலா? மஜீதா அக்காவைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருக்கும் மனுஷி, சேலைத் தலைப்பால் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"நான் இந்த ஃபியூஸைத் தேடியிருக்கக் கூடாதும்மா" என்றார் கடைசியில். "மன்னிச்சிடு."

"இல்லக்கா. தெரிஞ்சுக்கணும்னு நான்தானே வந்தேன்." கத்தரீன் திரையில் அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தாள், மெல்ல, கூப்பிட்டுப் பார்க்கிற மாதிரி. "ஏசுதியான். அம்மாவுக்குத் தெரியுமா ஐயா?"

"தெரியும். நீங்க பொறக்கற வரைக்கும் வீட்டுக்குள்ள அப்படித்தான் கூப்பிடும். வெளிய ஒரு நாளும் கூப்பிட்டதில்ல."

அவள் எழுந்தாள். ஸ்விட்சை அணைத்தாள். பச்சை எழுத்துகள் நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன. பிளக்கைப் பிடுங்கினாள். சற்று நேரம் காத்திருந்து, பன்னிரண்டாவது ஃபியூஸை மெதுவாகக் கழற்றினாள். அது இன்னும் லேசாகச் சூடாக இருந்திருக்க வேண்டும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு?" என்றேன்.

"பத்து மணிக்குப் போறேன். பதிவு ஏதும் இல்லன்னு சொல்றேன்."

"சொன்னா முடிஞ்சு போச்சே கத்தரீன்! இதுதான் கடைசின்னு எழுதியிருக்கானே!"

"ஆமாலா நிக். தெரியும்."

அவள் கிராணியய்யாவின் முன் போய் நின்று கையை நீட்டினாள். "இந்தாங்க பழசு. புதுசு ஒண்ணு குடுங்க. நீங்க எப்பவும் குடுக்கறது."

கிராணியய்யா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டிராயரைத் திறந்து எஃப் அரை ஆம்ப் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை அவளே கிளிப்பில் பொருத்தினாள். அக்கா பையைத் திறந்து, உரித்த ஸ்டிக்கரைப் பழைய இடத்திலேயே வைத்து அழுத்தினார். நான் மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். இனி யார் வந்து ஸ்விட்சைப் போட்டாலும் 'டிக்' என்று ஒரு சத்தம்தான் வரும்.

கிராணியய்யா அட்டைத் துண்டை எடுத்தார். நூல் கட்டினார். தேதி எழுதினார். 'காரணம்' என்ற இடத்தில் பேனா அப்படியே நின்றது. ஐம்பது வருஷமாக அந்த இடத்தில் அவர் ஒரே வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து 'நல்லது' என்று எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வாங்கினவங்க கையெழுத்து, பிள்ளை."

கத்தரீன் பேனாவை வாங்கினாள். அட்டை சின்னது, முழுப் பெயருக்கு இடம் போதாது. அவள் எழுத்தைச் சுருக்கவில்லை. ஓரம் வரை போய், திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள்.

கத்தரீன், த/பெ தங்கையா.